வாட்டர் ஹீட்டர் பழசு என்று வீட்டு இன்ஷூரன்ஸை நிறுத்துகிறார்களே?

புளோரிடாவில் டாம்பா பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அடையாளங்களைத் தவிர்த்து, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

1997-ல் கட்டிய வீடு. 2016-ல் வாங்கியிருக்கிறார்கள். 2020-ல் கூரையை மாற்றியாகிவிட்டது. இதுவரை ஒரு கிளெய்ம்கூடப் போட்டதில்லை. இந்த முறை ரினியூவலுக்கு முன் இன்ஷூரன்ஸ் கம்பெனி ‘ஃபோர் பாயிண்ட் இன்ஸ்பெக்‌ஷன்’ கேட்டது. வந்து பார்த்தவர், கேரேஜில் உள்ள 50 கேலன் மின்சார ஹீட்டர் 2007-ல் தயாரானது, அடிப்பகுதியில் துரு, பின்சுவரில் ஈரக்கறை, பிரஷர் ரிலீஃப் வால்வின் குழாய் முனை மூடி போட்டு அடைக்கப்பட்டிருக்கிறது என்று நான்கு குறைகளை எழுதிவிட்டார். மே மூன்றாவது வாரம் கடிதம் வந்தது: செப்டம்பர் 20-ம் தேதியோடு பாலிசி முடிகிறது, புதுப்பிக்க மாட்டோம்.

“தண்ணீர் நன்றாகத்தானே சுடுகிறது, எதற்கு மாற்ற வேண்டும்?” என்கிறார் கணவர். 15 வருட விதி ஒன்று இருக்கிறது, அதைக் காட்டிச் சண்டை போடலாம் என்கிறார் தோழி ஒருவர். குடும்ப நண்பரோ, பர்மிட் எதுவும் இல்லாமல் ரொக்கத்துக்கு மாற்றித்தர ஆள் இருக்கிறது, வேண்டுமானால் ஹீட்டர் வருடத்தை 2017 என்று போட்டுத்தரும் இன்ஸ்பெக்டரும் இருக்கிறார் என்கிறார். ‘சர்ப்ளஸ் லைன்ஸ்’ கம்பெனிக்கு, அதாவது மாநிலத்தின் வழக்கமான உரிமத்துக்கு வெளியே இயங்கும் கம்பெனிக்கு, மாறச் சொல்கிறார் ஏஜென்ட். ஹோம் வாரன்டி இருக்கும்போது இன்ஷூரன்ஸ்காரருக்கு ஹீட்டரைப் பற்றி என்ன கவலை, சுவர் ஈரத்துக்குக் கிளெய்ம் போடலாமா, பாலிசி நின்றால் வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளுமா, டேங்க் இல்லாமல் அப்போதைக்கப்போது தண்ணீரைச் சுடவைக்கும் ‘டேங்க்லெஸ்’ ஹீட்டர் வைத்துவிட்டால் பிரச்சினை தீருமா என்று கேள்விகள் நீள்கின்றன. இதற்கு நடுவே, அண்ணன் மகள் கல்யாணத்துக்காக ஜூலையில் நான்கு வாரம் திருநெல்வேலிக்குக் கிளம்புகிறார்கள்.

அன்புள்ள சகோதரிக்கு,

மற்ற எதையும் படிப்பதற்கு முன் கேரேஜுக்குப் போய் ஹீட்டருக்கான பிரேக்கரை அணைத்துவிடுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். பிளம்பர் வரும்வரை வெந்நீர் இல்லாமல் சமாளிக்க வேண்டியதுதான். டாம்பா கோடையில் குழாய்த் தண்ணீரே பாதி வெந்நீர்.

இனி கடிதத்துக்கு வருகிறேன். உங்களுக்கு வந்திருப்பது நான்-ரினியூவல், அதாவது காலம் முடிந்ததும் புதுப்பிக்காமல் விடுவது. நடுவிலேயே ரத்து செய்யும் கேன்சலேஷன் கிடையாது. செப்டம்பர் 20 வரை உங்கள் பாலிசி முழுப் பலத்தோடு இருக்கிறது. வீட்டுப் பாலிசியைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றால், பொதுவாக 120 நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும் என்கிறது புளோரிடா சட்டத்தின் 627.4133-ம் பிரிவு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் கம்பெனி இரண்டையும் செய்திருக்கிறது. நோட்டீஸ் செல்லாது என்று வாதாட இடமில்லை. வக்கீலான நான் சொல்லக்கூடாத வாக்கியம்தான், ஆனாலும் சொல்கிறேன்: இந்த விஷயத்தில் நீங்கள் முதலில் கூப்பிட வேண்டியது லைசென்ஸ் உள்ள ஒரு பிளம்பரை.

தண்ணீர் சுடுகிறதே, பிறகென்ன?

உங்கள் கணவரைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் 15 லிட்டர், 25 லிட்டர் கீசர் பாத்ரூம் சுவரில் இருபது வருஷம் தொங்கும். அது ஒழுகினாலும் மொட்டைமாடித் தொட்டி காலியானதும் நின்றுவிடும். சுவர் செங்கல்லும் சிமென்டும், தரை மொசைக். துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். உங்கள் கேரேஜில் நிற்பதோ கிட்டத்தட்ட 190 லிட்டர் பிடிக்கும் டேங்க். அது ஊர்க் குழாயோடு நேராக இணைந்திருக்கிறது, எந்நேரமும் அழுத்தத்தில் இருக்கிறது. அடித்தகடு விட்டுப்போனால் 190 லிட்டரோடு நிற்காது. யாராவது வால்வை மூடும்வரை ஊர்த் தண்ணீர் முழுக்க உங்கள் வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கும். ஜிப்சம் பலகைச் சுவரான டிரைவாலும் லேமினேட் தரையும் ஒரே இரவில் ஊறிவிடும், புளோரிடா ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்கவும் அதிக நாள் ஆகாது. இன்ஷூரன்ஸ் கம்பெனி பயப்படுவது இந்தச் செலவுக்குத்தான். ஹீட்டரின் விலை அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

டேங்க் வகை ஹீட்டருக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு வருடம் ஆயுள் என்பது பொதுக் கணக்கு. உள்ளே கண்ணாடிப் பூச்சு இருக்கும். அதையும் மீறி வரும் துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்வதற்காக ஆனோட் ராட் என்று ஒரு மெக்னீசியம் அல்லது அலுமினியக் கம்பி இருக்கும். அந்தக் கம்பி கரைந்துபோனால் அடுத்தது டேங்கின் எஃகுதான். புளோரிடா நிலத்தடி நீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வரும் கடின நீர் என்பதால் அடியில் படிவும் சேரும். தண்ணீர் சுடுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சூடாக்கும் எலிமென்ட் நன்றாக இருக்கும், டேங்க் மெல்ல அரித்துக்கொண்டிருக்கும்.

உங்கள் ரிப்போர்ட்டில் என்னைத் திடுக்கிட வைத்தது 2007 என்ற வருடம் இல்லை, அந்த மூடிதான். டேங்கில் அழுத்தம் 150 பிஎஸ்ஐ-யைத் தொட்டாலோ, வெப்பம் 210 டிகிரி பாரன்ஹீட்டை, அதாவது ஏறக்குறைய கொதிநிலையைத் தொட்டாலோ திறந்து வெளியேற்றுவதற்காக அந்த வால்வு வைக்கப்பட்டிருக்கிறது. சொட்டுகிறது என்று யாரோ குழாய் முனைக்கு மூடி போட்டுவிட்டார்கள். தெர்மோஸ்டாட் பழுதாகித் தண்ணீர் கொதித்துக்கொண்டே போனால் அந்த டேங்க் வெடிக்கக்கூடிய பொருள். பிரேக்கரை அணைக்கச் சொன்னது இதற்காகத்தான். மூடியை நீங்களாகத் திறக்க வேண்டாம், சுடுநீர் பீறிடலாம்.

ஃபோர் பாயிண்ட் என்பது கூரை, மின்சாரம், பிளம்பிங், ஏசி என்ற நான்கையும் பார்ப்பது. வீட்டுக்கு இருபது, முப்பது வயது ஆனதும் கம்பெனிகள் இதைக் கேட்கும். பரவலாகப் பயன்படும் படிவத்தில் பிளம்பிங் பகுதியில் ஹீட்டரில் ரிலீஃப் வால்வு இருக்கிறதா, இப்போது கசிவு இருக்கிறதா, முன்பு கசிந்த அடையாளம் உண்டா, ஹீட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். போட்டோவும் வேண்டும். படிவத்தைப் படிக்கும் அதிகாரி உங்கள் வீட்டைப் பார்க்கப் போவதில்லை. துருப்பிடித்த டேங்கின் படம்தான் அவருக்கு உங்கள் வீடு.

15 வருட விதி யாருக்கு?

உங்கள் தோழி சொன்ன விதி உண்மைதான், ஆனால் அது கூரைக்கானது. 2022 மே மாதம் புளோரிடா சட்டமன்றம் கொண்டுவந்தது. கூரைக்கு 15 வயது ஆகவில்லை என்றால், வயதை மட்டும் காரணம் காட்டி பாலிசி மறுக்கக்கூடாது. 15 தாண்டியிருந்தாலும், இன்னும் ஐந்து வருடமாவது தாங்கும் என்று இன்ஸ்பெக்‌ஷனில் தெரிந்தால் வயதை மட்டும் வைத்து மறுக்க முடியாது. ஹீட்டருக்கு இப்படி ஒரு பாதுகாப்பு கிடையாது. அதற்கு எத்தனை வயது வரை ஏற்பது என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் விதிப்படி முடிவு செய்துகொள்கிறது. ஒன்று பத்து வருடத்திலேயே கேள்வி கேட்கும், இன்னொன்று நிலைமை நன்றாக இருந்தால் பதினைந்துக்கு மேலும் பொறுத்துக்கொள்ளும். உங்கள் ஹீட்டர் எந்தக் கணக்கிலும் தேறாது.

ஹோம் வாரன்டி விஷயத்தில் பலருக்கும் இதே குழப்பம் இருக்கிறது. அது ஒரு சேவை ஒப்பந்தம். ஹீட்டர் கெட்டால் பழுதுபார்க்க அல்லது மாற்றித்தர, அதுவும் அவர்கள் நிபந்தனைக்கு உட்பட்டு. ஹீட்டர் உடைந்து வீடு நனைந்தால் அந்த நஷ்டம் இன்ஷூரன்ஸ் பாலிசியின் தலையில்தான் விழும். வாரன்டியில் ஹீட்டர் மாற்றித்தருவார்களா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள், கிடைத்தால் லாபம். “இன்னும் ஓடுகிறதே” என்று மறுத்தால் ஆச்சரியப்படாதீர்கள். பதிலுக்காக ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்கவும் வேண்டாம்.

குடும்ப நண்பரின் யோசனைகள்

ஹீட்டர் வருடத்தை 2017 என்று போடுவது. இதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். தயாரிப்புத் தேதி டேங்கின் ஸ்டிக்கரில் சீரியல் எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ரீம் கம்பெனி ஹீட்டரில் நான்கு இலக்கம் மாதத்தையும் வருடத்தையும் சொல்லும். ஏ.ஓ. ஸ்மித்தின் இப்போதைய எண்களில் முதல் இரண்டு வருடம், அடுத்த இரண்டு வாரம். கிளெய்ம் பார்க்க வருபவர் அரை நிமிடத்தில் படித்துவிடுவார். விண்ணப்பத்தில் சொன்ன தவறான தகவல், கம்பெனி பாலிசி கொடுக்கலாமா என்று முடிவு செய்வதைப் பாதிக்கக்கூடியது என்றால், நஷ்டஈட்டை மறுக்க 627.409-ம் பிரிவு இடம் தருகிறது. ஹீட்டர் பற்றிய பொய்யால் நாளை புயலில் போன கூரைக்கும் பணம் கிடைக்காமல் போகலாம். அதோடு, தெரிந்தே பொய் ஆவணம் கொடுப்பது இன்ஷூரன்ஸ் மோசடி, அது கிரிமினல் குற்றம். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கும் குடும்பத்துக்கு அதன் விளைவு என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பர்மிட் இல்லாமல் ரொக்கத்துக்கு மாற்றுவது அவ்வளவு பயங்கரமாகத் தெரியாது. நம்மவர்கள் பலர் செய்வதுதான். ஆனால் உங்கள் நோக்கமே கம்பெனிக்குக் காட்ட ஒரு தாள் வேண்டும் என்பது. ரொக்கம் வாங்கிக்கொண்டு போகிறவர் ரசீது தரமாட்டார், கவுன்டி பதிவில் ஒன்றும் இருக்காது. புளோரிடாவில் ஹீட்டர் மாற்ற பொதுவாக பர்மிட் வேண்டும். வேலை முடிந்து கவுன்டி ஆள் வந்து பார்த்துக் கையெழுத்திட்டால், அதைவிட வலுவான சாட்சி வேறில்லை. சொந்த வீட்டுக்குச் சொந்தக்காரரே பர்மிட் எடுத்து வேலை செய்யவும் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அந்த பர்மிட்டை வைத்துக்கொண்டு லைசென்ஸ் இல்லாத ஆளை உள்ளே விடமுடியாது. பிளம்பரின் லைசென்ஸை மாநிலத் தொழில் ஒழுங்குத் துறையான டிபிபிஆர் இணையதளத்தில் பெயரைத் தட்டிப் பார்த்துவிடலாம்.

செப்டம்பர் 20-க்குள்

மூன்று பிளம்பர்களிடம் விலை கேளுங்கள். சாதாரண 50 கேலன் மின்சார டேங்க், வேலை, பர்மிட் எல்லாம் சேர்த்துப் பொதுவாக 1,500-லிருந்து 2,500 டாலர் வரை சொல்வார்கள். விலையில் வால்வின் குழாயைத் தரைக்கு அருகில் திறந்த முனையோடு விடுவதும், அடியில் தட்டு வைப்பதும், தேவைப்பட்டால், சூடாகி விரியும் தண்ணீருக்கு இடம் தரும் எக்ஸ்பான்ஷன் டேங்கும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பின்சுவரையும் இதோடு சரிசெய்துவிடுங்கள், கறை அப்படியே இருந்தால் புது ஹீட்டருக்குப் பின்னால் “முன்பு கசிந்த அடையாளம்” என்று மறுபடி எழுதுவார்கள்.

வேலை முடிந்ததும் புது ஸ்டிக்கர், வால்வு, தட்டு, சுவர் ஆகியவற்றின் போட்டோ, ரசீது, முடிந்த பர்மிட் எல்லாவற்றையும் ஏஜென்ட் வழியாகக் கம்பெனிக்கு அனுப்பி, நான்-ரினியூவலைத் திரும்பப் பெறும்படி எழுத்தில் கேளுங்கள். போனில் பேசினால் போதாது. முழு ஃபோர் பாயிண்ட்டும் மறுபடி எடுக்க வேண்டுமா, பிளம்பிங் பகுதியில் மட்டும் லைசென்ஸ் உள்ள பிளம்பர் கையெழுத்திட்டால் போதுமா என்றும் கேளுங்கள். பல கம்பெனிகள் இரண்டாவதை ஏற்கின்றன. முடிவை மாற்ற வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஆனால் குறை முழுக்க ஒரே இடத்தில் இருந்து, அதுவும் சரிசெய்யப்பட்டுவிட்டால், மாற்றிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் பதிலுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்காதீர்கள். புது ஹீட்டர் வந்த கையோடு வேறு கம்பெனிகளிலும் விலை கேளுங்கள். இதில் யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கும் ஒரு விஷயம் உண்டு. புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் அந்த நாட்களில் எந்த ஏஜென்ட்டாலும் புதுப் பாலிசி எழுத முடியாது, கம்பெனிகள் கதவை மூடிவிடும். உங்கள் தேதி செப்டம்பர் 20. புயல் பருவம் உச்சத்தில் இருக்கும் மாதம். கடைசி வாரத்துக்கு வைத்துக்கொண்டால் வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிவரும். ஆகஸ்ட் முடிவதற்குள் புதுப் பாலிசி கையில் இருக்கட்டும், அது அமலாகும் தேதி செப்டம்பர் 20 என்று இருந்தால் போதும்.

விலை ஒப்பிடும்போது பிரீமியத்தை மட்டும் பார்க்காதீர்கள். பழைய வீடுகளுக்குச் சில கம்பெனிகள் தண்ணீர்ச் சேதத்தை அடியோடு விலக்கிவிட்டு, 10,000 டாலர் வரை மட்டும் என்று ஒரு சேர்ப்பைத் தருகின்றன. மலிவாக வரும் பாலிசியில் அந்தத் தாள் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

ஏஜென்ட் சொல்லும் சர்ப்ளஸ் லைன்ஸ் தப்பான வழி இல்லை, கடைசி வழி. சாதாரணக் கம்பெனி திவாலானால் அதன் கிளெய்முக்குக் கைகொடுக்கும் புளோரிடா இன்ஷூரன்ஸ் காரன்டி அசோசியேஷன் இவற்றுக்குக் கைகொடுக்காது. மேலே நான் சொன்ன 120 நாள் நோட்டீஸ் போன்ற 627-ம் அத்தியாயப் பாதுகாப்புகளும், தனியாகக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, இவற்றைக் கட்டுப்படுத்தாது. 2,000 டாலர் ஹீட்டரை மாற்றினால் சாதாரணக் கம்பெனியிலேயே இடம் கிடைக்கும் வீட்டுக்கு இந்த ரிஸ்க் எதற்கு? மாநிலம் நடத்தும் சிட்டிசன்ஸ் இன்ஷூரன்ஸுக்குப் போகலாம் என்றால், வேறு தனியார் கம்பெனி தரும் விலை சிட்டிசன்ஸ் விலையைவிட 20 சதவீதத்துக்கு மேல் போனால்தான் உங்களுக்குத் தகுதி. அங்கேயும் ஃபோர் பாயிண்ட் உண்டு. பழைய டேங்கோடு போனால் இதே கதைதான்.

வங்கி வீட்டை உடனே எடுத்துக்கொள்ளாது. பாலிசி இல்லை என்று தெரிந்தால் உங்களுக்குக் கடிதம் எழுதி, குறைந்தது 45 நாள் கழித்து, இடையில் ஒரு நினைவூட்டலும் அனுப்பி, அவர்களே ஒரு பாலிசியை வாங்கி, அதன் செலவை உங்கள் எஸ்க்ரோவில், அதாவது வீட்டுக்கடன் தவணையோடு வரிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் பிடிக்கும் கணக்கில், ஏற்றுவார்கள். அது வழக்கமாக அதிக விலை, காப்பதும் பெரும்பாலும் வங்கியின் பங்கைத்தான். உங்கள் சாமான்கள் அதில் வராது. ஒரு நாள் இடைவெளிகூட விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இடைவெளி விழுந்த வீட்டை அடுத்த கம்பெனி சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

ஈரச் சுவரும் ஊர்ப் பயணமும்

சுவரைச் சரிசெய்ய 900 டாலர் ஆகும் என்றும், கிளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய தொகையான டிடக்டிபிள் 2,500 என்றும் எழுதியிருக்கிறீர்கள். கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. கிளெய்ம் போட்டால் ஒரு டாலரும் வராது, ஆனால் கிளெய்ம் என்ற பதிவு ஏழு வருடம் வரை கம்பெனிகள் பார்க்கும் வரலாற்றில் இருக்கலாம். ஹீட்டரின் விலையையும் சாதாரண வீட்டுப் பாலிசி தராது, தேய்மானமும் துருவும் விலக்கப்பட்டவை. கையிலிருந்து செலவழித்துச் சரிசெய்யுங்கள். ஆனால் புது விண்ணப்பத்தில் சேதம் இருந்ததா என்று கேட்டால் மறைக்காமல் சொல்லி, சரிசெய்த ரசீதைக் காட்டுங்கள்.

நீங்கள் ஊருக்குப் போவதுதான் என்னை உறுத்துகிறது. சாதாரண வீட்டுப் பாலிசி, திடீரென்று நேரும் தண்ணீர்ச் சேதத்துக்குப் பணம் தரும். பல புளோரிடா பாலிசிகளில் 14 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து கசிந்தால் தரமாட்டோம் என்ற வாசகம் இருக்கிறது. நீங்கள் போவதோ நான்கு வாரம். கல்யாண வீட்டில் நீங்கள் தாம்பூலம் மாற்றிக்கொண்டிருக்கும்போது இங்கே டேங்க் ஒழுக ஆரம்பித்தால், திரும்பி வரும்போது கம்பெனி அந்த வாசகத்தைத்தான் எடுத்துக் காட்டும். 2018-ல் புளோரிடாவின் ஐந்தாவது மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், அப்படி ஒரு வாசகம் இருந்தாலும் முதல் 13 நாளில் ஏற்பட்ட சேதத்தை அது தெளிவாக விலக்கவில்லை என்று வீட்டுக்காரர் பக்கம் தீர்ப்பளித்தது. உதவும் தீர்ப்புதான். ஆனால் எந்தச் சேதம் எந்த நாளில் வந்தது என்று நிரூபிக்க நிபுணர் வேண்டும், வழக்கு வேண்டும். ஜெயித்தால் உங்கள் வக்கீல் கட்டணத்தைக் கம்பெனியே கொடுக்கும் என்ற பழைய ஏற்பாட்டையும் 2022 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள்.

அதனால் பயணத்துக்கு முன்பே ஹீட்டரை மாற்றிவிடுங்கள். மாற்ற முடிந்தாலும் முடியாவிட்டாலும், கிளம்பும் அன்று வீட்டின் மெயின் வால்வை மூடுங்கள், ஹீட்டர் பிரேக்கரையும் அணைத்துவிடுங்கள். தோட்டத்து ஸ்பிரிங்ளர் தனி இணைப்பில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொண்டால் புல்லும் காயாது. தெரிந்தவர் ஒருவர் வாரம் ஒருமுறை வந்து பார்க்கட்டும், பார்த்த தேதியோடு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். பின்னால் அதுவே ஆதாரம்.

பெரிய சேதம் எதுவும் நேர்ந்தால் தாமதிக்காமல் கம்பெனிக்குச் சொல்லுங்கள். சட்டப்படி ஒரு வருட அவகாசம் இருக்கிறது, ஆனால் தாமதம் எப்போதும் உங்களுக்கு எதிராகவே பேசும். அவர்கள் பொதுவாக 60 நாளுக்குள் பணம் தரவோ மறுக்கவோ வேண்டும். தகராறு வந்தால் மாநில நிதிச் சேவைத் துறையின் சமரசத் திட்டம் இருக்கிறது, அதன் செலவைக் கம்பெனி ஏற்கும். அது கிளெய்ம் தகராறுக்கு மட்டும். நான்-ரினியூவலை அங்கே கொண்டுபோக முடியாது.

கடைசியாக டேங்க்லெஸ். அதில் தேங்கி நிற்கும் தண்ணீர் இல்லை, ஆயுளும் இருபது வருடம் வரை வரும், கம்பெனிகளுக்குப் பிடிக்கும். ஆனால் உங்கள் வீட்டில் கேஸ் இல்லை. முழு வீட்டுக்கான மின்சார டேங்க்லெஸ் 18 கிலோவாட், அதற்கு மேலும் இழுக்கும். 1997-ம் வருடத்து பேனல் தாங்குமா என்று எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். தாங்காது என்றால் பேனல், வயரிங், இன்னொரு பர்மிட் என்று செலவு ஏறும், நாளும் போகும். உங்களிடம் இப்போது குறைவாக இருப்பது நாள்தான். இந்த முறை சாதாரண டேங்கையே போட்டுவிடுங்கள்.